மேலே போகிற குரலும் கீழே நிற்கிற குரலும்

சூப்பர் சிங்கரில் ஒருவர் பாடி முடித்ததும் நடுவர்கள் என்ன சொல்வார்கள் என்பதைப் பாட்டு முடிவதற்கு முன்பே சொல்லிவிடலாம் என்கிற நிலைமை வந்துவிட்டது. கடைசிச் சரணத்தில் ஒரு வரியை மேலே கொண்டுபோய் இழுத்துப் பிடித்துவிட்டால் நடுவர்கள் எழுந்து நிற்கிறார்கள், அரங்கம் அலறுகிறது. இழுக்காமல் அமைதியாக முடித்தால், "நல்லா இருந்துச்சு, ஆனா ஏதோ ஒண்ணு மிஸ்ஸிங்." அந்த ஏதோ ஒன்று எது, எந்த வரியில் காணாமல் போனது, அதைக் கொண்டுவர என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. பாடியவரும் தலையாட்டிவிட்டுப் போய், அடுத்த வாரம் இன்னும் உயரமாக ஏறும் பாட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வருகிறார்.

2006இல் விஜய் டிவியில் இந்த நிகழ்ச்சி தொடங்கிய காலத்திலிருந்து பார்த்து வருகிறேன். இளவயதில் திருநெல்வேலிப் பக்கத்துக் கோவில் கொடைத் திருவிழாக்களில் மெல்லிசைக் குழுவோடு கீபோர்டு வாசித்தவன் என்பதால், பாடுகிறவர்களை அவர்களுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து கேட்டே என் காது பழகியது. எதிரே உட்கார்ந்து கேட்பவருக்குப் பாட்டு கேட்கும். பக்கத்தில் இருப்பவனுக்கு அதோடு சேர்த்து மூச்சும் கேட்கும். எந்த இடத்தில் பாடகர் பயப்படுகிறார், எந்த வரி வருவதற்கு முன்னால் தோளைத் தூக்குகிறார், எந்தச் சொல்லை விழுங்கிவிட்டுத் தப்பிக்கிறார் என்பதெல்லாம் தெரியும். அந்தக் காதோடுதான் இந்தப் போட்டிகளையும் கேட்கிறேன். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒருவர் பாடத் தெரிந்தவரா என்பது பாட்டின் தாழ்ந்த இடங்களில்தான் தெரிகிறது. நம் போட்டிகளில் விமர்சனம் என்ற பெயரில் நடப்பது எல்லாமே உயர்ந்த இடங்களைப் பற்றி மட்டும் இருக்கிறது.

கட்டை விஷயத்திலிருந்து தொடங்கலாம். கட்டை என்பது பாடுகிறவர் தன் குரலுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளும் அடிப்படை சுருதியின் அளவு. கச்சேரி மேடையில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு கட்டைக்குள் பாடுவார்கள், பெண்கள் ஐந்து, ஐந்தரை என்று வைத்துக்கொள்வார்கள். சினிமாப் பாட்டில் அப்படி ஒரு வசதி கிடையாது. பாட்டு எந்த சுருதியில் பதிவானதோ அதுவே அதன் முகமாகக் கேட்பவர் மனதில் பதிந்துவிடுகிறது. மெல்லிசை மேடையில் நள்ளிரவு தாண்டியதும் பாடகர் மெல்லக் குனிந்து, "அண்ணே, இந்தப் பாட்டுக்கு அரைக் கட்டை இறக்கிக்கோங்க" என்பார். கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்தது. கேட்கிற ஜனத்துக்கு வித்தியாசம் தெரியாது, பாடகர் குரல் தப்பிக்கும், பாட்டும் தப்பிக்கும். அதில் யாருக்கும் வெட்கம் இருந்ததில்லை. தன் குரல் இன்று எங்கே நிற்கிறது என்று தெரிந்து பாடுவது தொழிலின் ஒரு பகுதி.

தொலைக்காட்சிப் போட்டியில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. ஒரிஜினல் ஸ்கேலில் பாடினார் என்பதே ஒரு சாதனையாகப் பேசப்படுகிறது. ஒரு பெண் ஆண் குரல் பாட்டை அதே சுருதியில் எடுத்தால், பல்லவி முழுக்க அவர் குரலின் அடித்தளத்தில் காற்று மட்டும் வரும், சொல் வராது. சரணம் மேலே ஏறும்போதுதான் குரலே கேட்கத் தொடங்கும். மேலே ஏறியதற்குக் கைதட்டு கிடைக்கிறது. பல்லவியில் பாதிச் சொற்கள் காணாமல் போனதை யாரும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட ஒரு பாட்டுக்கு நடுவர் சொல்லவேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: "இரண்டு கட்டை ஏத்திப் பாடியிருந்தா இந்தப் பல்லவி உங்களுடையதா ஆகியிருக்கும்." இந்த ஒரு வாக்கியத்தில் அந்தப் பெண்ணுக்கு அடுத்த பத்து வருஷத்துக்கான உபயோகம் இருக்கிறது.

உயரத்தின் மேல் நமக்கு இருக்கும் மோகத்துக்குக் காரணம் உண்டு. மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசை வரைக்கும் குரல் போய்ச் சேர வேண்டியிருந்தது. எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் பாடிய உச்ச சுருதி அந்தத் தேவையிலிருந்து வந்தது. கூட்டத்தின் கடைசியில் நிற்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும், வசனமும் புரிய வேண்டும். அவர்கள் மேலே போனபோதும் சொல் தெளிவாக இருந்தது. அதைக் கேட்டு வளர்ந்த தலைமுறையின் காதில், பாட்டு என்றாலே ஓங்கிய குரல் என்று பதிந்தது. இன்றைக்கு மைக் உதட்டை ஒட்டி இருக்கிறது, தன் குரல் தனக்கே கேட்கும்படி காதுக்குள் ஒரு கருவி இருக்கிறது. கிசுகிசுத்தால்கூட உலகம் முழுக்கக் கேட்கும். இருந்தும் பாட்டுக்குத் தேவை இருக்கிறதோ இல்லையோ, கடைசி வரிசைக்காகவே பாடிக்கொண்டிருக்கிறோம்.

நம் சினிமாவில் தேசிய விருது வாங்கிய பெண் குரல் பாட்டுகளை எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும். எஸ்.ஜானகி '16 வயதினிலே' படத்தின் 'செந்தூரப்பூவே'வுக்கு வாங்கினார். பிறகு 'தேவர் மக'னில் 'இஞ்சி இடுப்பழகி'க்கு வாங்கினார். ஸ்வர்ணலதா 'கருத்தம்மா'வின் 'போறாளே பொன்னுத்தாயி'க்கு வாங்கினார். சித்ரா 'ஆட்டோகிராஃப்' படத்தில் 'ஒவ்வொரு பூக்களுமே'வுக்கு வாங்கினார். இவற்றில் எதுவும் உச்சியில் போய் நின்று கைதட்டு கேட்கிற பாட்டு கிடையாது. 'இஞ்சி இடுப்பழகி'யில் ஜானகியின் குரல் தயங்குகிறது, வெட்கப்படுகிறது, பாடத் தெரியாத ஒரு கிராமத்துப் பெண் பாடிப் பார்க்கிற மாதிரி வருகிறது. அத்தனை ஆயிரம் பாட்டு பாடிய ஒருவர், பாட வராத பெண்ணின் குரலில் சுருதி பிசகாமல் பாடுவது எவ்வளவு பெரிய வேலை! அந்தப் பாட்டை இன்றைக்கு ஒரு போட்டியாளர் அதே தயக்கத்தோடு பாடினால், "கொஞ்சம் ஓப்பனா பாடியிருக்கலாம்மா" என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயமாகவே இருக்கிறது.

'மாலையில் யாரோ மனதோடு பேச' பாட்டு அடிக்கடி போட்டிகளுக்கு வரும். 1990இல் வந்த 'சத்ரிய'னில் ஸ்வர்ணலதா பாடியது. கடற்கரையில் தனியாக இருக்கும் ஒரு பெண் தனக்குள் பேசிக்கொள்கிற பாட்டு அது. பக்கத்தில் யாரும் இல்லை, யாருக்கும் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஸ்வர்ணலதா முதல் வரியை யாருக்கும் சொல்லாத ஒரு விஷயத்தைப் போலத்தான் பாடுகிறார். மேடையில் கேட்கும்போது, பெரும்பாலானவர்கள் அந்த முதல் வரியையே சபைக்கு அறிவிப்பதுபோல் எடுக்கிறார்கள். சுருதி சரியாக இருக்கும், தாளம் சரியாக இருக்கும், வரியை அழகுபடுத்தும் சங்கதிகள் ஒன்றுகூட விடுபட்டிருக்காது. ஆனால் பாட்டுக்குள் இருந்த பெண் தனியாக இருக்கமாட்டாள். விமர்சனம் செய்கிறவர் இதைத்தான் கவனித்துச் சொல்ல வேண்டும்: "இந்த வரியை யார்கிட்ட சொல்றீங்க?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டு மறுபடி பாடினால் குரலின் அளவு தானாகக் குறையும். 'ஃபீல் பத்தலை' என்று சொன்னால் எதுவும் குறையாது, முகபாவனைதான் கூடும்.

இந்த முகபாவனை விஷயம் ஒரு தொல்லை. கண்ணை மூடி, புருவத்தைச் சுருக்கி, கையை விரித்துப் பாடினால் உணர்ச்சியோடு பாடுவதாகக் கணக்கு. 'போறாளே பொன்னுத்தாயி'யைப் பாட வருகிறவர்கள் மேடையில் நிஜமாகவே அழுதுவிடுகிறார்கள். ஸ்வர்ணலதாவின் குரலைக் கேளுங்கள். துக்கம் தொண்டையை அடைக்கிற அந்தப் பாட்டில் சுருதி ஒரு இழைகூட நகராது. பாடுகிறவர் அழுதால் கேட்கிற நமக்கு அழ இடமில்லாமல் போகிறது.

'பாடறியேன் படிப்பறியே'னைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் போட்டிகளின் சுபாவம் முழுவதும் அந்த ஒரு பாட்டைக் கையாளும் விதத்தில் தெரிந்துவிடுகிறது. 1985இல் வந்த 'சிந்து பைரவி'யில் சித்ரா பாடியது, அவருக்கு முதல் தேசிய விருதை வாங்கித் தந்தது. சபையில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், வித்வானிடம் ஜனங்களுக்குப் புரிகிற பாட்டைப் பாடக்கூடாதா என்று கேட்டுவிட்டு, தானே நாட்டுப்புற மெட்டு ஒன்றை எடுக்கிறாள். அந்த மெட்டு மெல்ல மெல்ல நகர்ந்து, அதே ராகத்தில் தியாகராஜரின் 'மரி மரி நின்னே'வில் போய் நிற்கிறது. காம்போதி ராகத்தில் பாடப்படும் அந்தக் கிருதியை இளையராஜா சாரமதி ராகத்தில் அமைத்திருந்தார். சபையில் இருந்தவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். பாட்டின் முழு பலமும் அந்த நகர்வில் இருக்கிறது.

போட்டிக்கு வருகிற பெண்களில் பலர் கர்நாடக சங்கீதம் கற்றவர்கள். அவர்களுக்கு 'மரி மரி' கையில் இருக்கும் வித்தை. நடுவர்கள் எழுந்து நிற்பதும் அங்கேதான். அதனால் முன்பகுதியை, எப்போது அந்த இடம் வரும் என்கிற அவசரத்தோடு பாடுகிறார்கள். அது மட்டும் கிடையாது. முன்பகுதியிலேயே ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் ஒரு சின்ன கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும் ஒரு நெளிவை, வைத்துவிடுகிறார்கள். 'பாடறியேன்' என்ற சொல்லையே பாடத் தெரிந்தவளின் அசைவோடு பாடினால் கதை அங்கேயே முடிந்துவிட்டது. படிப்பறியாத பெண் அங்கே இல்லை. அவள் இல்லாமல் அந்தக் கிருதி வந்து என்ன ஆச்சரியத்தைக் கொடுக்கும்? சித்ரா முன்பகுதியில் சொற்களை நேராக, தட்டையாக, திறந்த தொண்டையோடு போடுகிறார். அசைவு தேவைப்படும் இடம் வரைக்கும் அதைக் கைக்குள் வைத்திருக்கிறார். இருப்பதை மறைத்து வைக்கும் அந்தக் கட்டுப்பாட்டைத்தான் அந்தப் பாட்டில் பரிசீலிக்க வேண்டும். பாடி முடித்ததும் நடுவர், "ஸ்வரம் எல்லாம் அசத்திட்டேம்மா, சாதகம் தெரியுது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தால், அந்தப் பெண் சரியாகச் செய்த வேலையை மட்டும் பாராட்டிவிட்டு, செய்யாமல் விட்ட வேலையைப் பற்றி வாயே திறக்கவில்லை என்று அர்த்தம்.

விமர்சனம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நமக்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. எஸ்.பி.பாலசுப்ரமணியம் 1996 முதல் ஈடிவி தெலுங்கில் 'பாடுதா தீயகா' நடத்தினார், ஜெயா டிவியில் 'என்னோடு பாட்டுப் பாடுங்கள்' நடத்தினார். பாடியவரை அருகில் நிற்கவைத்துக்கொண்டு, சறுக்கிய அந்த வரியைத் தானே பாடிக் காட்டுவார். அந்தச் சொல்லின் அர்த்தத்தை விளக்குவார், பாட்டை எழுதியவரையும் இசையமைத்தவரையும் பெயர் சொல்லி நினைவுகூர்வார். "இங்க மூச்சு எடுக்காதே, சொல் ரெண்டா ஒடையுது, ஒரு சொல் முன்னாடி எடுத்துக்கோ" என்கிற மாதிரிதான் அவர் பேச்சு இருக்கும். இடம், காரணம், வழி மூன்றும் அதில் உண்டு. பாடியவர் அந்த இடத்திலேயே திருத்திப் பாடுவார், நமக்கும் வித்தியாசம் கேட்கும். வீட்டில் உட்கார்ந்து பார்த்த லட்சக்கணக்கானவர்களுக்கு அது இலவசப் பாட்டு வகுப்பு. சூப்பர் சிங்கரின் ஆரம்ப சீசன்களில் உன்னிகிருஷ்ணன், சுஜாதா, ஸ்ரீநிவாஸ் நடுவர்களாக உட்கார்ந்திருந்தபோது சுருதி, சங்கதி என்று பேச்சு போகும். குரல் பயிற்சியாளர் அனந்த் வைத்தியநாதன் மூச்சைப் பற்றியும், குரல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றியும் சொல்வார். நிகழ்ச்சி வளர வளர அந்தப் பேச்சு சுருங்கி, வேறு விஷயங்கள் நிரம்பிவிட்டன.

சுருதி விலகல் என்பதையே எடுத்துக்கொள்வோம். "கொஞ்சம் பிட்ச் அவுட் ஆச்சு" என்பதோடு நிறுத்திவிட்டால் பாடியவருக்கு எந்தப் பிரயோஜனமும் இல்லை. வரியின் முடிவில் சுருதி இறங்கினால் பெரும்பாலும் மூச்சு தீர்ந்துபோயிருக்கும். வரியின் தொடக்கத்தில் ஏறினால் பதற்றத்தில் காற்றைத் தள்ளியிருப்பார். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. இதைக் கேட்ட மாத்திரத்தில் சொல்லக்கூடிய பாடகர்கள்தான் நடுவர் நாற்காலியில் இருக்கிறார்கள். தெரிந்தும் சொல்லாமல் இருப்பதுதான் என் வருத்தம்.

உச்ச ஸ்தாயியைப் பற்றி எனக்கு விரோதம் எதுவும் இல்லை. அங்கே போனால் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் பேச்சு. உச்சியில் 'ஈ', 'ஊ' போன்ற ஒலிகளைப் பிடிப்பது கஷ்டம், வாய் மூடிய நிலையில் இருக்கும், தொண்டை இறுகும். 'ஆ' வந்தால் சுலபம். அதனால் பலர் 'நீ' என்று நிற்க வேண்டிய இடத்தில் தங்களை அறியாமல் 'நே' என்று மாற்றிவிடுகிறார்கள். கொஞ்சம் திறந்துகொள்வது எல்லாப் பாடகர்களும் செய்வதுதான். ஆனால் சொல் வேறாகக் கேட்காத அளவுக்குத் திறக்க வேண்டும். டி.எம்.சௌந்தரராஜனின் பாட்டு ஒன்றை எடுத்து, மேலே போகிற இடத்தில் உதட்டை மட்டும் கற்பனை செய்துகொண்டு கேளுங்கள். எவ்வளவு உயரத்திலும் சொல் சொல்லாகவே நிற்கும், வல்லினம் வல்லினமாக விழும், ழகரம் நழுவாது. அடுத்த முறை ஒரு போட்டியாளர் மேலே போய் நின்று அரங்கம் அலறும்போது, அவர் என்ன சொல்லில் நிற்கிறார் என்று உங்களுக்குத் தெரிகிறதா பாருங்கள். பல நேரம் தெரியாது. தெரியவில்லை என்றால் அது பாட்டின் ஒரு வரி கிடையாது, வெறும் சத்தம்.

மூச்சு விஷயமும் அப்படித்தான். மூச்சு விடாமல் பாடும் சரணத்துக்குப் பேர்போன, 'கேளடி கண்மணி'யின் 'மண்ணில் இந்தக் காதலன்றி'யைப் பாடினால் சரணம் முடியும் முன்பே கைதட்டு வந்துவிடும். மூச்சு விடவில்லை என்பதை எல்லோரும் எண்ணிக்கொண்டிருப்பதால் சொற்களை யாரும் கேட்பதில்லை. அதற்கு மேல் அதில் பேச ஒன்றும் இல்லை.

வீட்டில் உட்கார்ந்து விமர்சிக்கிற நமக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் கேட்பது மேடையில் எழுந்த ஒலி அப்படியே கிடையாது, ஒளிபரப்புக்காகக் கலவை செய்த ஒலி. சுருதியைத் திருத்தித் தரும் ஆட்டோட்யூன் மென்பொருள் சந்தைக்கு வந்தது 1997இல். அதன் பிறகு உலகத்தில் எந்த ஒலிப்பதிவைக் கேட்டாலும் சுருதி சுத்தமாக இருப்பதை மட்டும் வைத்து ஒருவரை எடைபோட முடியாது. ஆகவே கருவியால் கொடுக்க முடியாதவற்றின் மேல் காதை வையுங்கள். எந்தச் சொல்லுக்கு முன் மூச்சு எடுக்கிறார், எந்தச் சொல்லில் அழுத்தம் கொடுக்கிறார், இடையிசை முடிந்து சரணத்தை எடுக்கும்போது தாளத்தில் அவசரப்படுகிறாரா, ஒரே வரி இரண்டாம் முறை வரும்போது முதல் முறையைவிட ஏதாவது புதிதாகப் புரிந்து பாடுகிறாரா. இதையெல்லாம் எந்தப் பொத்தானும் சரிசெய்து தராது.

அப்புறம், திரையைப் பார்க்காமல் கேளுங்கள். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே கேமரா நடுவரின் முகத்துக்கு ஓடுகிறது, அவர் புருவத்தை உயர்த்துகிறார், அடுத்த நொடி அம்மாவின் கண்ணீர், அதற்கடுத்து சக போட்டியாளர் வாயில் கை வைத்து நிற்கிறார். எங்கே வியக்க வேண்டும் என்று நமக்கு வழிகாட்டிவிடுகிறார்கள். நான் போனைக் கவிழ்த்து வைத்து, ஹெட்செட்டில்தான் கேட்பேன். பல பேரைப் பற்றிய என் அபிப்பிராயம் அப்படிக் கேட்டதில் தலைகீழாக மாறியிருக்கிறது. குறிப்பாக, மேடையில் அசையாமல் நின்று பாடியதால் கவனிக்கப்படாமல் வெளியேறிப்போன சிலர், கேட்க மட்டும் செய்தபோது அந்த வாரத்தின் சிறந்த பாட்டைப் பாடியிருந்தார்கள்.

நாட்டுப்புறப் பாடகர்கள் வரும்போது நடுவர்களின் அளவுகோல் தடுமாறுவதைப் பார்க்கிறேன். 2018 சீசனில் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த செந்தில் கணேஷ் பட்டம் வென்றார். அவரும் அவர் மனைவி ராஜலட்சுமியும் அந்த மேடைக்குக் கொண்டுவந்தது வேறொரு பாட்டு முறை. அதை எதிர்த்தவர்கள், சினிமாப் பாட்டில் வருகிற நெளிவு சுளிவுகளை இவரால் பாட முடியுமா என்று கேட்டார்கள். ஆதரித்தவர்கள், மண்ணின் குரல் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். இரண்டு தரப்புமே பாட்டைக் கேட்கவில்லை. கிராமத்துத் திறந்தவெளியில் விடியவிடியப் பாடி வளர்ந்த தொண்டைக்கு அதற்கே உரிய பயிற்சி இருக்கிறது. சொல் தெறித்து விழ வேண்டும், பறையோ தவிலோ எழுப்பும் சத்தத்துக்கு மேலே குரல் தெரிய வேண்டும், எதிரில் இருக்கிற கூட்டத்தைப் பார்த்து அந்த நொடியில் ஒரு வரியைச் சேர்க்கவோ நீட்டவோ தெரிய வேண்டும். கர்நாடக சங்கீதத்தில் சுருதி சேர்வதற்கு எவ்வளவு சாதகம் வேண்டுமோ அவ்வளவு இதற்கும் வேண்டும். அந்த அளவுகோலில் ஒரு நாட்டுப்புறப் பாடகரின் பாட்டில் குறை கண்டு சொன்னால் அது அவருக்குச் செய்யும் மரியாதை. "என்ன எனர்ஜி!" என்று சொல்லி அனுப்பிவிடுவது அவரை வேடிக்கைப் பொருளாக வைத்திருப்பது. சினிமாப் பாட்டுப் பாடகருக்குக் கொடுக்கும் அதே கூர்மையான கவனம் அவருக்கும் கிடைக்க வேண்டும்.

பாடுவதற்கு முன் போட்டியாளரின் வாழ்க்கைக் கதையைப் போடுகிறார்கள். இதைப் பற்றி எழுதத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் அந்தக் கஷ்டங்கள் உண்மையானவை. இந்த மேடையால் பல குடும்பங்களுக்கு வீடு கிடைத்திருக்கிறது, கச்சேரி கிடைத்திருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் கதை முடிந்த கையோடு பாட்டு தொடங்கினால், கேட்கிறவர் காதில் கதைதான் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பாட்டில் குறை சொன்னால் ஏழ்மையைக் குறை சொன்னதாகிவிடும் என்று நடுவர்கள் ஒதுங்கிக்கொள்கிறார்கள். கஷ்டப்பட்டு வந்தவருக்குத்தான் கறாரான பாடம் அதிகம் தேவை. அவருக்கு வெளியே பாட்டு வாத்தியார் வைத்துக்கொள்ளப் பணம் இல்லை. உலகத்தின் மிகச் சிறந்த பாடகர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரே இடம் அவருக்கு இதுதான். அங்கேயும் அவருக்குக் கிடைப்பது அணைப்பு மட்டும் என்றால், அது அவருக்குச் சேர வேண்டியதைத் தராமல் அனுப்புவது.

விதிவிலக்கும் உண்டு. 2015இல் ஜூனியர் இறுதிச் சுற்றில், கனடாவிலிருந்து வந்த ஈழத் தமிழ்ச் சிறுமி ஜெசிகா 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தின் 'விடை கொடு எங்கள் நாடே'வைப் பாடியபோது அரங்கமே அழுதது. அந்தப் பாட்டுக்குப் பின்னால் ஒரு இனத்தின் இடப்பெயர்வு இருந்தது. அங்கே மதிப்பெண் பலகையைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. அப்படிப்பட்ட தருணம் அபூர்வமாக வரும். வாராவாரம் தயாரிக்க முடியாது. ஆனால் வாராவாரம் தயாரிக்கத்தான் பார்க்கிறார்கள்.

விமர்சனம் வேண்டும் என்று சொன்னால் உடனே திட்ட வேண்டும் என்று புரிந்துகொள்கிறவர்களும் இருக்கிறார்கள். பாட வராத ஒருவரைத் தேர்வுச் சுற்றில் பாடவிட்டு, அவர் பாடுவதை விளம்பரத்துக்கு வெட்டிப் போட்டுச் சிரிக்கிற வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. அது கேவலம். அவர் தெருவில் நாளை எப்படி நடப்பார்? ஒரு பெண் மேடை ஏறியதும் அவர் உடையைப் பற்றி, அழகைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவதும் கிட்டத்தட்ட அதே ரகம். அவர் வந்தது பாட.

குழந்தைகளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. முப்பது வயது ஆணின் குரலை மனதில் வைத்து அமைத்த பாட்டைப் பத்து வயதுக் குழந்தை பாடுகிறது. காதல் தோல்வி, விரகம் எல்லாம் பாடுகிறது. நடுவர், "இந்த வயசுல இப்படி ஒரு ஃபீலா!" என்று வியக்கிறார். குழந்தைக்கு அந்த உணர்ச்சி தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அது செய்வது நல்ல நகல். நகல் எடுக்கும் திறமையை உணர்ச்சி என்று சொல்லிக்கொடுத்தால், வளர்ந்த பிறகும் அது நகலைத்தான் தேடிக்கொண்டிருக்கும். குழந்தையிடம் கவனிக்க வேண்டியவை வேறு: சொல்லைப் புரிந்து பாடுகிறதா, தாளத்தில் உட்கார்ந்திருக்கிறதா, பாட்டை ரசிக்கிறதா. அதோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

அதைவிட எனக்கு நிஜமான கவலை தருவது பன்னிரண்டிலிருந்து பதினைந்து வயதுக்குள் இருக்கும் பையன்கள். மகரக்கட்டு உடையும் வயது. குரல்வளை வளர்ந்து, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி அளவுக்குக் கீழே இறங்குகிற காலம். சில மாதங்கள் குரல் எங்கே நிற்கும் என்று பையனுக்கே தெரியாது. பாட்டு வாத்தியார்கள் அந்தக் காலத்தில் சுருதியை இறக்கி, மேலே போகவிடாமல், மெதுவாகப் பாடவைப்பார்கள், சிலர் கொஞ்ச நாள் நிறுத்தியும் வைப்பார்கள். போட்டியில் அதே பையன் கேமரா முன்னால் உச்சியில் போய் நிற்கிறான், கழுத்து நரம்பு புடைக்கிறது, குரல் உடைகிறது. "வாய்ஸ் கொஞ்சம் கிராக் ஆச்சு, ப்ராக்டிஸ் பண்ணு கண்ணா" என்கிறார்கள். அவனுக்குப் பயிற்சி குறைவு கிடையாது. அவன் உடம்பு வளர்கிறது. அந்த இடத்தில் நடுவர் பாட்டை நிறுத்தி, "இரண்டு கட்டை இறக்கிக்கோ, இப்ப உனக்கு இதுதான் சரி" என்று சொன்னால், வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் ஆயிரம் அப்பாக்களும் தங்கள் பையனை அதட்டுவதை நிறுத்துவார்கள்.

பாட்டு தொடங்கும்போது திரையின் அடியில் பாட்டின் பெயரையும் படத்தின் பெயரையும் போடுகிறார்கள். அதன் பக்கத்தில் பாட்டு முதலில் எந்தக் கட்டையில் பதிவானது, இவர் இப்போது எந்தக் கட்டையில் பாடுகிறார் என்று இரண்டு எண்களையும் போட்டால் நன்றாக இருக்கும். பாடி முடித்ததும், எழுந்து நிற்பதற்கு முன்னால், நடுவர் ஒரே ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து அவரை மறுபடி பாடச் சொல்லட்டும். முடிந்தால் பல்லவியின் முதல் வரியை, வாத்தியம் எதுவும் இல்லாமல், தம்புரா சுருதி மட்டும் வைத்து.